ஐந்து மதத்துக்கும் ஒரே துரோகி

துருகப்பாவைச் செருப்பால் அடித்தவர்களில் எனக்குத் தெரிந்து இரண்டு பேர் இப்போது தாசில்தார் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி நர்ஸ். இன்னொருவன் பீதர் கோர்ட்டில் வக்கீல். நால்வருமே நல்ல மனிதர்கள்தான். கோபத்தில் அடிக்கவில்லை, பரீட்சைக்கு முன்னால் வேண்டிக்கொண்டு பக்தியோடு அடித்தார்கள், பாஸானார்கள்.

நான் அடித்ததில்லை. ஆனால் அவன் அடி வாங்கிய ஒவ்வொரு முறையும் உடுப்பு கொடுத்து, தாடி ஒட்டி அனுப்பியது நான்தான். ஹொசகேடா கடைவீதியில் டிராமா டிரெஸ் ருக்கம்மா என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். என் புருஷன் நாடகக் கம்பெனியில் மேக்கப் போட்டவர். அவர் போன பிறகு கிரீடம், வாள், டோப்பா எல்லாம் என் தலையில் விழுந்தன.

எங்கள் ஊரில் மகான்களுக்குப் பஞ்சமில்லை. பசவ ஜெயந்தி, புத்த பூர்ணிமா, புனித வெள்ளி, மொஹரம், குருத்வாராப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா என்று வருஷத்தில் ஐந்து முறை மேடை போடுவார்கள். ஐந்து முறையும் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்த மகான் மட்டும் பிறக்காவிட்டால் உலகச் சரித்திரமே வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று பேசுவார். ஆகியிருக்கும்தான். நான் அவ்வளவு படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்தது வேஷம். பசவண்ணர் வேஷத்துக்கும் இயேசு வேஷத்துக்கும் அடிதடி நடக்கும். பேங்க் மேனேஜர் மகன், பாஸ்டரின் தங்கை மகன் என்று சிபாரிசோடு வருவார்கள். சீக்கியர்கள் தங்கள் குருவுக்கு வேஷம் கட்ட விடமாட்டார்கள். அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விளக்கு எரியும். மொஹரத்தில் இமாம் நிற்க வேண்டிய இடத்தில் பச்சைக் கொடி நிற்கும். சரி, அந்த விளக்குக்கும் கொடிக்கும் எதிரே வாளோடு நின்று கத்த ஓர் ஆள் வேண்டாமா? இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், பசவண்ணரைப் பற்றி ராஜாவிடம் கோள் மூட்டிய மஞ்சண்ணா, புத்தர் மேல் பாறையை உருட்டிய தேவதத்தன், குருவின் கழுத்தை வெட்டினவன், கர்பலாவில் தண்ணீரை மறித்தவன். இவர்களுக்கு வேஷம் கட்ட எந்த மதத்திலும் தடையில்லை. கட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

அந்த ஆளாக வந்து சேர்ந்தவன் துருகப்பா.

அவன் பகல்வேஷக்கார ஜாதி. ராமனாகவும் அனுமானாகவும் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் சோளம் வாங்குகிற கூட்டம். ஒரு பஞ்ச வருஷத்தில் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, மனைவி தானவ்வாவோடும் இடுப்புக் குழந்தையோடும் எங்கள் சந்தைத் திடலில் வந்து உட்கார்ந்தான். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். குடிசை போட்டுக்கொள், ரேஷன் கார்டு வாங்கித் தருகிறோம், ஆனால் ஊரில் யாரும் கட்டாத வேஷத்தை நீ கட்ட வேண்டும் என்றார்கள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். ஆறடி உயரம், முகமெல்லாம் அம்மைத் தழும்பு, வெண்கலக் குரல். ஆள் பரம சாது. வீட்டுக்குள் வந்த பூனையை விரட்டக்கூடக் குரலை உயர்த்த மாட்டான்.

சுமாராக நடித்துத் தொலைத்திருந்தால் தப்பித்திருப்பான். அவனுக்கு அது தெரியாது. முதல் புனித வெள்ளியன்று அவன் யூதாஸாக வந்து இயேசுவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தபோது, முன்வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி ஓவென்று அழுதுகொண்டே கால் செருப்பைக் கழற்றி வீசினாள். அவன் மூக்கில் பட்டது. சனம் சிரித்தது. ஆனால் மறுநாள் காலையில், எட்டு நாளாகக் காணாமல் போயிருந்த அந்தக் கிழவியின் எருமை தானாக வீட்டுக்கு வந்து நின்றது. எருமை எங்கே போய் வந்ததோ, யாருக்குத் தெரியும்? ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா? அடுத்த வருஷம் பத்துச் செருப்பு. அதற்கடுத்த வருஷம் வரிசையே நின்றது. பிள்ளை வரம், வேலை, வழக்கு, தீராத வயிற்றுவலி. மெல்ல மெல்ல அதற்கு ஒரு முறையும் ஏற்பட்டுவிட்டது. காலில் போட்டு நடந்த செருப்பாக இருக்க வேண்டும். ஒரே அடி. பட்டால் பலிக்கும்; தவறினால் அடுத்த வருஷம்தான். யூதாஸுக்கு ஆரம்பித்தது மஞ்சண்ணாவுக்கு வந்தது, தேவதத்தனுக்கு வந்தது, மொஹரத்துக்கும் குருத்வாரா மேடைக்கும் வந்தது. ஒரு மதத்துக்காரன் இன்னொரு மதத்துத் துரோகியையும் வந்து அடித்தான். எல்லாம் ஒரே கன்னம்தானே.

பாஸ்டர் முதலில் முகம் சுளித்தார். உண்டியல் நிறையத் தொடங்கியதும், "சனங்களோட விசுவாசம், நாம தடுக்கக் கூடாது" என்றார். மடத்துச் சாமியாரோ, "அடி வாங்குறவனுக்கும் ஆணவம் அழியுது, நல்லதுதானே" என்றார். ஆணவமா, அவனிடமா! இரண்டு பல் போயிற்று. இடது காது மந்தமாயிற்று. வேஷம் இல்லாத நாளிலும் விடியக்காலையில் அவன் எதிரே வந்தால் பெண்கள் நின்று, அவன் போன பிறகுதான் நடப்பார்கள். டீக்கடையில் அவனுக்கு மட்டும் கிளாஸ் தனி.

"ஏண்டா துருகா, வேற ஊர் பார்த்துப் போயேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"போனா ரேஷன் கார்டு போயிடுமே அக்கா. பாப்பா ஸ்கூல்ல பேரு எழுதியிருக்கு."

பாப்பா என்றால் மகாநந்தா, அவன் ஒரே மகள். இடுப்பில் வந்த அதே குழந்தை. பத்தாவது வரை படித்தாள், தையல் கற்றுக்கொண்டாள், என் கடையில் ஜரிகை தைத்துக் கொடுப்பாள். மூக்கும் முழியுமாக இருப்பாள். பத்தொன்பது வயதில் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். முதல் இடம் பேசி முடிக்கிற நேரத்தில் கலைந்தது. "செருப்படி வாங்குறவனோட பொண்ணா?" என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது இடமும் அதே பதில். அப்போதுதான் நான் துருகப்பா அழுது பார்த்தேன். பதினெட்டு வருஷம் அடி வாங்கியவன், என் கடைத் தரையில் உட்கார்ந்து, குழந்தைபோல் தேம்பினான். அதற்கப்புறம் அவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு கவலைதான். மகள் கழுத்தில் ஒரு தாலி ஏற வேண்டும்.

மூன்றாவதாக பால்கி பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. அவர்களும் பகல்வேஷக்காரர்கள்தான், ஆனால் வேஷத்தை விட்டு இரண்டு தலைமுறை. பையன் ஷரணு மாவு மில் வைத்திருந்தான். தகப்பன் இல்லை, அம்மா பாகீரதிபாய்தான் எல்லாம். பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று தரகர் மூலம் கேட்டபோது துருகப்பா வாய் தவறி, இல்லை, வேண்டுமென்றே ஒரு பொய் சொன்னான். "மகான் வேஷம் கட்டுறேன்னு சொல்லுங்க."

அந்த வருஷம் பக்கத்து ஊரில் கலவரம் நடந்து நான்கு கடை எரிந்திருந்தது. அதனால் எங்கள் ஊரில் சர்வ மத ஒற்றுமை ஊர்வலம் நடத்த வேண்டும் என்று தாசில்தார் உத்தரவு போட்டார். ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு வண்டி, வண்டியில் மகான். அதே நாளில் பெண் பார்க்க வருகிறோம், சம்பந்தியின் வேஷத்தையும் பார்த்தாற்போல் ஆகும் என்று பாகீரதிபாய் சொல்லி அனுப்பினாள்.

துருகப்பா கமிட்டி முன்னால் போய் நின்றான். துணைக்கு நானும் போனேன்.

"ஒரே ஒரு நாள் ஐயா. ஏதாவது ஒரு மகான் வேஷம் குடுங்க. பொண்ணு கல்யாணம் இதுலதான் இருக்கு."

பாஸ்டர் சிரித்தார். "இயேசுவாவா? உன்னைச் சிலுவையில ஏத்தினா சனம் கைதட்டுமேடா!"

"பசவண்ணருக்கு ஆள் ஆயிடுச்சு" என்றார் மடத்து ஆள், இவன் முகத்தைப் பார்க்காமலே. "அதுவும் உனக்கா? சிவசிவா."

"எங்க பக்கம் வேஷமே கிடையாது, உனக்கே தெரியும்" என்றார் குருத்வாராப் பூசாரி கியானி.

"எங்க பக்கமும்தான்" என்றார் தர்காவை நிர்வகிக்கும் முதவல்லி சாயபு. "கொடி பிடிக்க வேணா வா. இல்ல, வேண்டாம், கொடியும் வேண்டாம்."

புத்த விஹாரத்தின் வாக்மாரே மாஸ்தர் மட்டும் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய வண்டிக்குப் பேசி வைத்திருந்த பையனுக்கு அம்மை போட்டிருந்தது. வெயிலில் நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார வேறு யாரும் தயாராக இல்லை.

"சம்மணம் போட்டு உட்காரணும். பேசக் கூடாது. கண்ணைத் திறக்கக் கூடாது. முடியுமா?"

"செத்தவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன் மாஸ்தர்."

"செத்தவன் மாதிரி வேண்டாம்ப்பா. புத்தர் மாதிரி உட்காரு."

ஊர்வலத்தன்று என் கையில் இருந்த வித்தை முழுவதையும் அவன் முகத்தில் காட்டினேன். அம்மைத் தழும்பை மெழுகு வைத்து அடைத்தேன். காவி சுற்றி, சுருள்முடி டோப்பா வைத்து, பொன் நிறம் பூசினேன். தானவ்வா வந்து பார்த்துவிட்டு, உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டாள். மகாநந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யப்பா, நீ இவ்வளவு அழகா!"

அவன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. சொல்வதில் வெட்கம் என்ன, எனக்கு அவன்மேல் அன்று பெற்ற தாய்க்கு வருகிற பெருமை வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் என் கடை மாடியில்தான் நின்றார்கள். உப்பிட்டும் டீயும் கொடுத்தோம். பாகீரதிபாய் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள், பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். ஷரணு கீழே பார்ப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பசவண்ணர் போனார், இயேசு போனார், கொடி போயிற்று, குருவின் காலி மேடை பூவோடு போயிற்று. கடைசியாகப் புத்தர் வந்தார்.

"அய்யோ, சாட்சாத் புத்தரேதான்!" என்றாள் பாகீரதிபாய், கைகூப்பி. "சம்பந்தி முகத்துல என்ன ஒரு சாந்தம் பாருங்க."

எங்கள் ஊர் ஆட்களுக்கு அவனைத் தெரியும். சிரித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். ஆனால் ஊர்வலம் பார்க்கச் சுற்றுக் கிராமத்துச் சனம் எல்லாம் வந்திருந்ததே. என் கடைக்கு நேர் எதிரே கைக்குழந்தையோடு ஒருத்தி நின்றாள். பிரசவம் ஆனதால் புனித வெள்ளிக்கு வர முடியாமல் நேர்த்திக்கடன் நின்றுபோனவளாம், பிறகு விசாரித்தேன். வண்டியையே உற்றுப் பார்த்தாள். அந்த உயரத்தையும் அந்தத் தாடையையும் அவளிடமிருந்து எந்த மெழுகு மறைக்கும்?

"இது யூதாஸ் இல்ல?" என்று கூவினாள். குழந்தையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

அது அவன் கன்னத்தில் பட்டு மெழுகைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. மடியில் வைத்த கையை எடுக்கவில்லை. மாஸ்தர் சொன்னபடியே உட்கார்ந்திருந்தான்.

"தேவதத்தன்டா!" என்றான் ஒருவன். "மஞ்சண்ணா!" என்றான் இன்னொருவன். வேண்டுதல் யாருக்குத்தான் இல்லை? நான்கு திசையிலிருந்தும் செருப்பு பறந்தது. டோப்பா ஒரு பக்கம், பொன்பூச்சு ஒரு பக்கம் என்று ஆயிற்று. வண்டிக்குப் பின்னால் வந்த விஹாரத்துப் பையன்களுக்கு ரத்தம் கொதித்தது. புத்தர் மேல் செருப்பா! எறிந்தவர்கள் நூறு பேர், அவர்களை என்ன செய்ய முடியும்? கையில் கிடைத்தவன் இவன்தான். இவன் ஏறி உட்கார்ந்ததால்தானே புத்தருக்கு அவமானம் என்று, வண்டியிலிருந்து காலைப் பிடித்து இழுத்துப் போட்டு மிதித்தார்கள். மாஸ்தர் குறுக்கே விழுந்து தடுத்தார். அவர் மூக்குக்கண்ணாடியும் உடைந்தது. முன்வண்டிகளில் வந்தவர்கள் திரும்பி ஓடிவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். போலீஸ்காரர் அவன் சட்டையைப் பிடிக்கப் பார்த்தார், காவித் துணிதான் கையோடு வந்தது. "ஒற்றுமையைக் கெடுக்க வந்தியா?" என்று ஒரு அறை விட்டார். அன்று எங்கள் ஊரில் கலவரம் நடக்கவில்லை. ஐந்து மதமும் ஒன்றாகத்தான் இருந்தன. தாசில்தாரின் ரிப்போர்ட்டில் ஊர்வலம் அமைதியாக நடந்தது என்று எழுதியிருந்ததாம்.

அவனைத் தூக்கி என் கடைக்குள் கொண்டுவந்து போட்டோம். பாகீரதிபாய் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தன் முந்தானையாலேயே அவன் முகத்தைத் துடைத்தாள். பூச்சு போகப் போகத் தழும்புகள் தெரிந்தன. அவள் கை நின்றது.

"நீயா?"

அவள் திரும்பி, வாசலில் நின்ற மகனைக் காட்டினாள்.

"ஏழு வருஷம் முன்னாடி இவனுக்கு மஞ்சக்காமாலை. டாக்டர் கையை விரிச்சுட்டார். பசவ ஜெயந்தி அன்னிக்கு இங்க வந்து மஞ்சண்ணாவை அடிச்சேன். இந்தக் கன்னத்துலதான். மூணாம் நாள் எழுந்து கஞ்சி குடிச்சான்." அவள் கண்ணில் நீர் வழிந்தது. "புண்ணியவான், நீதானா அது?"

எனக்கு உயிர் வந்தது. தானவ்வாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்ப இது கடவுள் போட்ட முடிச்சும்மா" என்றேன். "மகனைக் காப்பாத்தினவர் வீட்டுப் பொண்ணு."

பாகீரதிபாய் தலையை ஆட்டினாள். கோபமில்லை, வெறுப்புமில்லை. அதுதான் கொடுமை.

"அதனாலதான் முடியாதுக்கா. தாலி கட்டினதும் என் மகன் இவர் கால்ல விழணும். நான் எந்தக் கன்னத்துல அடிச்சு அவன் உயிரைத் திருப்பி வாங்கினேனோ, அந்த ஆள் கால்ல அவன் விழுந்தா வேண்டுதல் திரும்பிடாதா? மறுபடி படுத்துக்குவான். பெத்தவ நான், எப்படித் துணிவேன்?"

"விழவேண்டாம்மா" என்றான் துருகப்பா, உதட்டில் ரத்தத்தோடு. "நான் கல்யாணத்துக்கே வரலை. நான் செத்துட்டேன்னு வெச்சுக்கங்க."

"செத்தாலும் மாமனார் மாமனார்தானே அண்ணா."

ஷரணு வாசலில் நின்று ஒருமுறை மகாநந்தாவைப் பார்த்தான். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்ததும் பின்னாலேயே போய்விட்டான். ஆண்பிள்ளை!

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் பெண் கேட்டு ஒருவரும் அந்தக் குடிசைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதன் பிறகு வந்த புனித வெள்ளிக்கு நான் யூதாஸ் தாடிக்குப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தபோது தானவ்வா வந்தாள்.

"ஊர்ல எத்தனை பொண்ணுங்களுக்கு இவர் கன்னத்தால தாலி ஏறியிருக்குக்கா?"

"அதுக்கு?"

"எம்பொண்ணுக்கு மட்டும் ஏன் ஏறக் கூடாது?"

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ பெண்ணா பேயா என்று கேட்டேன். அவள் நான் கையில் வைத்திருந்த தாடியைப் பார்த்தாள்.

"நீங்க இதை ஒட்டி அனுப்பலாம். நான் செருப்பு எடுக்கக் கூடாதா?"

நான் பசையைக் கிளறினேன். வேறு என்ன செய்ய?

சர்ச் மைதானத்தில் வரிசை கேட் வரைக்கும் நின்றது. முத்தம் கொடுக்கிற காட்சி முடிந்ததும் தொண்டர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். எருமைத் தரகன் ஒருவன் அடித்தான், ஒரு பள்ளிக்கூட டீச்சர் அடித்தாள். அவன் மேடையில் நின்று யூதாஸாக உறுமி, ஒவ்வொரு அடியையும் வாங்கினான். அடுத்ததாக வந்து நின்றவளைப் பார்த்ததும் உறுமல் நின்றது.

மகாநந்தா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் தானவ்வா அவள் முதுகில் கை வைத்திருந்தாள். "எறிடி" என்றாள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு எறிந்தாள். செருப்பு அவன் தோளுக்கு மேலே போய்த் திரையில் பட்டு விழுந்தது. சனம் உச்சுக் கொட்டியது.

"தவறிடுச்சு. அடுத்த வருஷம் வாம்மா" என்றான் தொண்டன். "அடுத்தவங்க வாங்க."

துருகப்பா குனிந்து செருப்பை எடுத்தான். மேடையை விட்டு இறங்கி வந்து மகள் கையில் அதை வைத்தான். நான் திரைக்குப் பக்கத்தில்தான் நின்றேன், ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"தூரத்திலிருந்து எறியாதே. கையில பிடிச்சு அடி."

"முடியலப்பா."

"யப்பா இங்க இல்ல. நான் யூதாஸ். அடி."

தொண்டன் தடுக்க வந்தான். துருகப்பா இருபது வருஷத்தில் முதல்முறையாக வேஷத்துக்கு வெளியே குரலை உயர்த்தினான். "தள்ளிப் போடா! இவ இன்னும் அடிக்கலை."

பிறகு உயரமான ஆள் அல்லவா, அவள் கை எட்டட்டும் என்று முழங்கால் மடித்து உட்கார்ந்து, கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தான். அவள் அடித்தாள். மெதுவாகத்தான். அவன் தலையை ஆட்டினான்.

"இது பத்தாது, பாப்பா. நல்லா."

இரண்டாவது அடியின் சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. மைதானமே கைதட்டியது.

ஆறு மாதத்துக்குள் சோலாப்பூரிலிருந்து வரன் வந்து படிந்தது. அப்பாக்காரன் மண்டபத்துக்கு வரக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனைதான். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அவன் சரி என்றுவிட்டான். கல்யாணத்தன்று என் கடையில் உட்கார்ந்து தேவதத்தனின் அங்கிக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தான். பெற்ற மகளுக்கே பலித்திருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்கடுத்த புனித வெள்ளிக்குச் சோலாப்பூரிலிருந்து மட்டும் இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள்.